தகட்டில் பொறித்த ஆண்டை நம்பலாமா? ஃபயர்பேக் கேள்வி-பதில்

வீட்டுக்குள் விறகு எரிக்கும் கணப்பின் (ஃபயர்பிளேஸ்) பின்சுவரை ஒட்டி நிறுத்தும் வார்ப்பிரும்புத் தகடுதான் ஃபயர்பேக்; சுவரைக் காக்கும், சூட்டை அறைக்குத் திருப்பும். குளிர் தொடங்கும் முன்பே தகடு வாங்கி மாட்டிவிட வேண்டும் என்ற அவசரம் இந்த முறை வந்த எல்லாக் கடிதங்களிலும் தெரிகிறது. அளவும் எழுதாமல் படமும் அனுப்பாமல் "இது நல்ல பீஸா சார்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மற்றவர்களுக்கு இதோ.

கே: எங்கள் கணப்புக்கு எவ்வளவு பெரிய தகடு வாங்குவது? (பர்மிங்ஹாம்)

உங்கள் கணப்பு எவ்வளவு பெரியது என்று நீங்கள் சொல்லவே இல்லையே! பொதுவாகச் சொல்கிறேன். முன்வாயை அளக்காதீர்கள், பின்சுவரை அளங்கள். பக்கச் சுவர்கள் உள்ளே போகப் போகக் குறுகும். பின்சுவர் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். இரு பக்கமும் சந்து கட்டாயம் வேண்டும். தூக்குவதற்கு ஆள் பார்த்துவிட்டு வாங்கப் போங்கள். இரண்டடிக்கு இரண்டடி, ஓர் அங்குலக் கனம் என்றால் 70 கிலோவை நெருங்கும்.

கே: கண்ணாடிக் கதவு போட்ட விறகு ஸ்டவ் வைத்திருக்கிறோம். அதன் பின்னால் பழைய ஃபயர்பேக் வைத்தால் பயன் உண்டா? (டொரோண்டோ)

அழகுக்கு வைக்கலாம். அழகுக்குத்தான் என்றால் புது வார்ப்பே போதும்.

கே: நங்கூரமும் 1588 என்ற ஆண்டும் உள்ள தகடு ஒன்று ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது. ஸ்பானிய ஆர்மடா என்ற கப்பற்படை இங்கிலாந்தின் மேல் படையெடுத்த காலத்தது என்றார்கள். 400 வருடத்துப் பொருள் இந்த விலைக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்தானே? (குராய்டன்)

அதிர்ஷ்டம் விற்றவருக்கு. தகட்டில் இருக்கும் ஆண்டை நம்பி வாங்காதீர்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது! இங்கிலாந்தில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட தகடுகளில் அந்த 1588 தகடும் ஒன்று. அந்த ஆண்டு, மூல அச்சு எப்போது செய்யப்பட்டது என்பதைத்தான் காட்டும். உங்கள் கையில் இருக்கும் இரும்பு எப்போது ஊற்றப்பட்டது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால் இந்த மயக்கம் வராது. சசெக்ஸ், கென்ட் பகுதியின் வீல்ட் காடுகளில் 1490களிலிருந்து இரும்பு உருக்கும் ஊதுலைகள் இருந்தன. உலைக்கூடத் தரையில் ஈரமணலைப் பரப்பி, அதில் மரப்பலகையை அழுத்தி எடுத்தார்கள். ஓரத்துக்கு முறுக்குக் கயிற்றை அழுத்தினார்கள். நடுவே பூ, நங்கூரம், எழுத்து என்று கையில் இருந்த சின்ன அச்சுகளைக் குத்தினார்கள். அப்புறம் உருகிய இரும்பைத் திறந்த மணலிலேயே ஊற்றினார்கள். முன்பக்கம் மணலைப் பார்த்து இருக்கும். பின்பக்கம் வானம் பார்த்து ஆறும். அதனால்தான் பழைய தகட்டின் முதுகு மேடும் பள்ளமும் குழியுமாக இருக்கிறது.

பழைய தகடு ஒன்று கையில் இருந்தால் அதையே மணலில் அழுத்தி இன்னொன்று வார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படி வார்த்தார்கள், இருபதிலும் வார்த்தார்கள், இன்றும் வார்க்கிறார்கள். அது குற்றமில்லை, நகலை நகல் என்று சொல்லாமல் விற்பதில்தான் எனக்குக் கோபம். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். 60 செ.மீ. தகட்டின் நகல் அரை சென்டிமீட்டருக்கு மேல் சிறுத்திருக்கும். நகலின் நகல் இன்னும் சிறுக்கும். எழுத்தின் விளிம்பும் ஒவ்வொரு தடவையும் மழுங்கும். எனவே திருப்பிப் பாருங்கள். முதுகு வழவழவென்று ஒரே சீராக இருந்தாலோ, ஓரத்தில் கிரைண்டர் ஓடிய கோடு தெரிந்தாலோ, எல்லா இடத்திலும் ஒரே ஆரஞ்சு நிறத் துரு பூத்திருந்தாலோ பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உலை வேலைக்காரர் ஒருவரே தன் கருவிகளோடு நிற்கும் பிரீட் உலைத் தகட்டுக்கும் (1636), உர்ஸ்டர் போரில் தோற்ற அரசர் இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த ஓக் மரத் தகட்டுக்கும் இதே கதைதான். ஆண்டும் அரச சின்னமும் இல்லாமல், வெறும் கயிற்று ஓரமும் கோணல்மாணலான அச்சுகளும் கொண்ட தகட்டை யாரும் சீண்டுவதில்லை. என்னைக் கேட்டால் அசல் கிடைக்க அங்கேதான் வாய்ப்பு அதிகம். சசெக்ஸில் லூயிஸ் நகரின் ஆன் ஆஃப் கிளீவ்ஸ் இல்லம் என்ற அருங்காட்சியகத்தில் வீல்ட் இரும்புப் பொருள்கள் நிறைய இருக்கின்றன. வாங்கும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: சிமெண்ட் வைத்துச் சுவரோடு சுவராகப் பதித்துவிடலாம் என்கிறார் பில்டர். சரியா? (ஹாரோ)

சரியில்லை. 60 செ.மீ. தகடு 300 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டர் நீளும். நீள இடம் இல்லாவிட்டால் சிமெண்ட் உடையும் அல்லது தகடு பிளக்கும். தகட்டை இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, லேசாகப் பின்னால் சாய்த்து, இரு தோளிலும் இரும்புக் கொக்கி அடித்து விழாமல் பிடித்தால் போதும். கொக்கி இறுக்கக் கூடாது. பின்னால் ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். சிலர் அதில் உலர்ந்த மணல் போடுவார்கள், தவறில்லை. தகட்டில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குகிறேன் என்று அவர் சொன்னால் வேறு ஆள் பாருங்கள். விறகுத் தாங்கி தகட்டிலிருந்து நாலு விரலாவது தள்ளி இருக்கட்டும். முதல் சில நாள் சின்னத் தீ மட்டும்.

கே: ஊட்டியில் பழைய பங்களா. கணப்புத் தகடு ஒவ்வொரு மழைக்கும் துருப்பிடிக்கிறது. தோசைக்கல் மாதிரி எண்ணெய் தடவிப் பழக்கலாமா?

தோசைக்கல் பார்க்காத சூட்டை இது பார்க்கும். எண்ணெய்ப் படலம் முதல் பெரிய தீயிலேயே எரிந்து, வீடெல்லாம் புகையும். கம்பி பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்து, கிராஃபைட் கலந்த கருப்பு ஸ்டவ் பாலிஷை மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண பெயிண்ட் வேண்டாம், உரியும். ஆனால் உங்கள் பிரச்சினை தகட்டில் இல்லை, சாம்பலில் இருக்கிறது. மே மாதக் கடைசியில் சாம்பலைத் துளிகூட விடாமல் அள்ளுங்கள். அது ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கும். புகைபோக்கிக்கு மேலே மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே: மணல் வீச்சு (சாண்ட் பிளாஸ்டிங்) போட்டுச் சுத்தம் செய்யலாமா? (மெல்பர்ன்)

கூடாது. துருவோடு சேர்ந்து எழுத்தின் கூர்மையும் போய்விடும்.

கே: மேலிருந்து கீழ்வரை விரிசல். வெல்டிங் செய்யலாமா? (லெஸ்டர்)

எல்லா வெல்டரும் முடியும் என்பார்கள். வார்ப்பிரும்பை முழுக்கச் சூடேற்றி, நிக்கல் குச்சியால் ஒட்டி, மெல்ல ஆறவிடத் தெரிந்தவர் அபூர்வம்; மற்றவர் கை பட்டால் பக்கத்தில் இன்னொரு விரிசல் வரும். முதுகுப் பக்கம் இரும்புப் பட்டை வைத்துப் பிடிக்கச் செய்யுங்கள், அல்லது கொக்கிகளே தாங்கினால் அப்படியே விட்டுவிடுங்கள். விரிசல் விழுந்த தகடும் சூடு கொடுக்கும். எப்படி விரிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. சூடாக இருந்தபோது யாரோ தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

கே: பிரான்ஸில் கிராமத்து வீடு வாங்கினோம். கணப்புத் தகட்டில் எந்த உருவமும் இல்லை, ஆனால் விளிம்பு வழியாக விரலை விட்டால் சுவர்ப் பக்கம் ஏதோ சித்திரம் தட்டுப்படுகிறது. யாராவது தப்பாக மாட்டிவிட்டார்களா? (பாரிஸ்)

இந்தக் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது. புரட்சிக் காலத்தில், 1793இல், அரச சின்னமும் பிரபுக்களின் சின்னமும் உள்ள கணப்புத் தகடுகளைத் திருப்பிவைக்கச் சொல்லி ஆணை வந்தது. பலர் அப்படியே திருப்பினார்கள். உங்களுடையது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். முன்பக்கம் தேய்ந்ததால் பிறகு யாரோ திருப்பியதாகவும் இருக்கலாம். சித்திரத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதற்காகக் கடப்பாரையை எடுக்காதீர்கள். இடுக்கில் சின்னக் கேமரா விட்டுப் பாருங்கள். லொரைன் பக்கத்து வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. அங்கே தகட்டுக்குப் பின்னால் சுவரே இல்லாமல், அடுத்த அறைக்கும் சூடு போகும்படி வைப்பது வழக்கம்.

கே: கென்ட்டில் நாங்கள் வாங்கிய லிஸ்டட் (அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள) கட்டிடத்தில் நல்ல தகடு இருக்கிறது. எடுத்து விற்கலாமா?

சுவரோடு பொருத்தியது என்றால் அது கட்டிடத்தின் பகுதியாகக் கருதப்படலாம். கவுன்சிலின் பழங்கட்டிடப் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கே: இரவு படுக்கும் முன் கணப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்து அணைப்போம். அதனால் தகட்டுக்கு ஏதும் ஆகுமா? (நார்விச்)

லெஸ்டர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கங்குகளை ஒதுக்கிச் சாம்பலால் மூடி, முன்னால் வலைத் தடுப்பு வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். கங்கு அணையும் வரை புகைபோக்கியின் அடைப்பை மூட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும்.