டெக் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? கோஸ்டல் பட்ட வாரத்துக் கேள்வி பதில்

நவம்பர் 15, சனிக்கிழமை கிளெம்சனை 28-6 என்று சாய்த்ததிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஜார்ஜியா டெக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு (சுருக்கமாக டெக்) இந்த 2014 சீசனில் இதுவரை 9 வெற்றி, 2 தோல்வி. அதில் நாம் ஆடும் ஏசிசி லீக்கின் ஆட்டங்கள் எட்டும் முடிந்து 6-2. அந்த லீக்கில் நாம் இருக்கும் கோஸ்டல் பிரிவின் பட்டம் நமக்குக் கிடைக்குமா என்பது இனி நம் கையில் இல்லை, அதே பிரிவின் டியூக் அணி ஆடப்போகும் இரண்டு ஆட்டங்களின் கையில். நான் இங்கே படித்தவன். பால் ஜான்சன் கோச்சாக வந்த முதல் சீசனான 2008 முதல், அட்லாண்டாவில் நடக்கும் ஆட்டங்களை முடிந்தவரை நேரில் போய்ப் பார்த்துவருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கம்மிங்கிலிருந்து ஓர் அம்மா: மகன் டெக்கில் முதலாண்டு. அவனோடு இரண்டு ஆட்டம் பார்த்தேன். மற்ற அணிகள் எல்லாம் பந்தை அழகாக எறிகின்றன, நம் பிள்ளைகள் மட்டும் குனிந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். எறியத் தெரியாதா?

தெரியும் அக்கா. எறியாமல் இருப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்கவே மாட்டீர்கள், ஆட்களைத்தான் பார்ப்பீர்கள்.

இரண்டு பக்கமும் பதினொரு பேர். வழக்கமான ஓட்டத்தில், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். அப்போதே நம் பக்கம் ஓர் ஆள் குறைந்துபோகிறது. ஜான்சன் ஆடவைக்கும் டிரிபிள் ஆப்ஷனில் அது நடக்காது. எதிரணியில் இரண்டு பேரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுகிறோம். அவர்கள் என்ன செய்கிறார்களோ அதற்கு நேர்மாறாக நாம் செய்வோம். அந்த இருவரைத் தடுக்க வேண்டிய நம் ஆட்கள் இருவரும் இன்னும் உள்ளே போய் வேறு யாரையாவது தடுக்கலாம்.

கிட்டத்தில் பார்த்தால் இப்படி இருக்கும். பந்து கைக்கு வந்ததும் நம் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் தாமஸ் அதைப் பின்னாலிருந்து பாய்ந்துவரும் பி-பேக்கின் வயிற்றில் வைக்கிறார். வைக்கிறார், ஆனால் விடவில்லை. அந்த அரை நொடி இரண்டு பேரும் பந்தைப் பிடித்திருக்கிறார்கள். தாமஸின் கண் பந்தில் இல்லை. தடுக்காமல் விட்ட அந்த முதல் ஆளின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் இருக்கிறது. அவன் உள்ளே பி-பேக்கை நோக்கிப் பாய்ந்தால், தாமஸ் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுவார். அவன் வெளியே நின்றால் பந்து பி-பேக்கிடமே போகும். வெளியே ஓடிய தாமஸை மறிக்க இரண்டாவது ஆள் வந்தால், பக்கவாட்டில் கூடவே ஓடிவரும் ஏ-பேக்குக்குப் பந்தைத் தட்டிவிடுவார். மூன்று வழி, ஒரே ஓட்டம். ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்க அவருக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான். நம் ஊரில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது போக்கு காட்டுவார்களே, அதையே பதினொரு பேர் சேர்ந்து செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மகனைப் பார்க்க வந்திருக்கும் ஓர் அப்பா, டுலூத்: மூன்று யார்டு, நாலு யார்டு என்றுதானே போகிறார்கள்? டெஸ்ட் மாட்ச் மாதிரி இருக்கிறதே.

சரியாகப் பிடித்துவிட்டீர்கள் ஐயா. நாலு வாய்ப்பில் பத்து யார்டு போனால் போதும். ஒவ்வொரு தடவையும் நாலு யார்டு கிடைத்தால் மூன்றாவது வாய்ப்பிலேயே வேலை முடிந்தது. மற்ற அணிகள் நாலாவது வாய்ப்பில் பந்தை உதைத்து அனுப்பிவிடும் இடத்திலும் ஜான்சன் துணிந்து ஓடவிடுவார். இன்னொன்றும் கவனியுங்கள். எறிந்த பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஓடுகிறவரை மைதானத்துக்குள்ளேயே வீழ்த்தினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். அக்டோபர் 4ஆம் தேதி மயாமியோடு ஆடினோம். அறுபது நிமிட ஆட்டத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் பந்து நம்மிடம்தான் இருந்தது. 28-17 என்று ஜெயித்தோம். மயாமியின் டிஃபென்ஸ் கடைசிக் கால்பகுதியில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

டெக்கில் மாஸ்டர்ஸ் படிக்கும் மாணவர்: நம் பி-பேக் ஜாக் லாஸ்கிக்கு அடிபட்டதும் சீசன் முடிந்தது என்று நினைத்தேன். சின்ஜின் டேஸ் எப்படி இவ்வளவு நன்றாக ஆடுகிறார்?

தம்பி, நானும் பயந்தேன். டேஸ் இங்கே குவார்ட்டர்பேக்காக வந்தவர். பிறகு ஏ-பேக்காக மாற்றினார்கள், இப்போது பி-பேக். மூன்று இடத்திலும் நின்றவர் என்பதால் அந்த அரை நொடியில் தாமஸ் என்ன யோசிக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பந்து கிடைக்குமா கிடைக்காதா என்று தயங்காமல் இரண்டு கையையும் மூடிக்கொண்டு முழு வேகத்தில் உள்ளே போகிறார். பந்து இல்லாமல் போய் இடிவாங்குவதும் அவர் வேலைதான். அதை முகம் சுளிக்காமல் செய்கிற மூத்த மாணவர் அவர். இந்த அணியில் எனக்கு மிகவும் பிடித்தவர் யார் என்று கேட்டால் இந்த வாரம் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

சேப்பல் ஹில்லில் படிக்கும் ஒருவர்: நார்த் கரோலைனா உங்களை 48-43 என்று தோற்கடித்தது. ஓடியே காலத்தை ஓட்டும் அணியால் பெரிய ஸ்கோர் ஆட்டங்களை ஜெயிக்க முடியாது என்பதற்கு அதுதானே சாட்சி?

வலிக்கிற இடத்தில் கைவைத்துவிட்டீர்கள். ஆனால் சாட்சி வேறு எதற்கோ. 43 புள்ளி எடுத்த ஆஃபென்ஸைக் குறை சொல்வது எப்படி நியாயம்? 11 நொடி மிச்சமிருந்தபோது உங்கள் ஆள் டச் டவுன் போட்டதை, அதாவது பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டியதை, நம் டிஃபென்ஸால் தடுக்க முடியவில்லை. அதுதான் தோல்வி.

ஆனால் இந்த ஆட்டமுறைக்கு உண்மையான பலவீனம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். சாதாரண ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று முறை பந்து கிடைக்கும். டெக் ஆடும்போது கடிகாரம் விடாமல் ஓடுவதால் பல நாள் பத்து முறைகூடத் தேறாது. அதில் ஒரு முறை பந்தைக் கைநழுவ விட்டாலே மற்ற அணிகளைவிட நமக்கு இழப்பு அதிகம். நம் டிஃபென்ஸ் எதிரணியை உடனே வெளியேற்ற முடியாமல் திணறினால் இன்னும் மோசம். டிஃபென்ஸ் பந்தைப் பறித்தால் கதை தலைகீழாகிவிடும். பிட்ஸ்பர்க் முதல் கால்பகுதியிலேயே ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தது, 56-28 என்று முடிந்தது. கிளெம்சன் எறிந்த பந்துகளில் இரண்டை நம் ஆட்கள் இடைமறித்து அப்படியே டச் டவுனுக்கு ஓடினார்கள். கோஸ்டல் கனவு இன்னும் உயிரோடு இருப்பதற்கு ஓட்டம் எவ்வளவு காரணமோ, கோச் டெட் ரூஃப் பழக்கும் நம் டிஃபென்ஸ் இந்த நான்கு வாரமாக விழித்துக்கொண்டதும் அவ்வளவு காரணம்.

ஜான்ஸ் கிரீக்கிலிருந்து: டியூக்கிடம் தோற்றதற்கு என்ன காரணம்? அவர்கள் நம்மைவிடப் பெரிய அணி இல்லையே.

டியூக்கை அப்படிச் சொல்லாதீர்கள். போன வருஷம் இதே கோஸ்டலை ஜெயித்த அணி அது. 31-25 என்று நம் மைதானத்திலேயே ஜெயித்துவிட்டுப் போனார்கள். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: நம்மோடு ஆடுவதற்கு முந்தைய வாரம் அவர்களுக்கு ஆட்டம் இல்லை. ஆப்ஷனை எதிர்கொள்ள நேரம்தான் மருந்து. யார் பி-பேக்கைப் பிடிப்பது, யார் குவார்ட்டர்பேக்கை, யார் ஏ-பேக்கை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைப் பிரித்துக்கொடுத்துத் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் பார்க்கும் ஆட்டத்துக்கு மூன்று நாலு நாள் பயிற்சி போதாது, இரண்டு வாரம் கிடைத்தால் கதை வேறு. ஜான்சன் காலத்தில் டெக், சீசன் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டங்கள் ஆறில் ஐந்தில் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பௌலுக்கு முன் எதிரணிக்கு வாரக்கணக்கில் ஓய்வு. 2009 சீசனின் ஆரஞ்சு பௌலில் அயோவா 24-14 என்று நம்மைக் கட்டிப்போட்டது அப்படித்தான்.

ஆல்ஃபரெட்டாவிலிருந்து: பதினாலு புள்ளி பின்தங்கினால் இந்த அணி திரும்பி வரவே முடியாது என்கிறார்கள்.

2008இல் நம் மாநிலத்து ஏதென்ஸில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியோடு நடந்த ஆட்டம் இதற்குப் பதில். இடைவேளையில் 28-12 என்று பின்தங்கியிருந்தோம். பலர் டிவியை அணைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் ஜோனதன் டுவையர் ஒரே ஓட்டத்தில் டச் டவுன் போட்டார். அந்த மூன்றாம் கால்பகுதியில் மட்டும் 26 புள்ளி. 45-42 என்று ஜெயித்தோம். அந்த நாள் முழுக்க நம் ஆள் எறிந்து பிடிபட்ட பந்து ஒன்றே ஒன்றுதான். நிதானமாக ஓடும் அணிதான், ஆனால் ஏ-பேக் ஒருவர் ஓரத்தில் தப்பிவிட்டால் அறுபது யார்டுக்கு யாரும் கைவைக்க முடியாது.

இந்த ஆட்டம் ஆடும் கல்லூரிக்கு நல்ல ரிசீவர்கள் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்) வருவார்களா? (பெயர் சொல்லவில்லை)

வருவார்கள். 2009இல் டெமேரியஸ் தாமஸ் 46 பந்துகள்தான் பிடித்தார், ஆனால் 1,154 யார்டு. ஒரு பந்துக்கு சராசரி 25 யார்டு. எல்லாரும் ஓட்டத்தைத் தடுக்க முன்னால் குவிந்திருக்கும்போது பின்னால் ஒற்றை ஆளோடு நிற்பவருக்கு இது நடக்கும். அடுத்த வருஷமே தொழில்முறை லீக்கின் டென்வர் அணி அவரை வீரர் தேர்வின் முதல் சுற்றில் எடுத்துக்கொண்டது. இப்போது டியாண்ட்ரே ஸ்மெல்டர். பேஸ்பால் பந்து வீசிக்கொண்டிருந்தவர் எப்படிப் பாய்ந்து பிடிக்கிறார் பாருங்கள்.

மருத்துவர் ஒருவர்: முழங்காலுக்குக் கீழே பாய்ந்து தடுப்பது சரிதானா? என் மனது ஒப்பவில்லை.

இந்த 2014 விதிப்படி சரி. ஒருவர் மேலே பிடித்திருக்க இன்னொருவர் கீழே பாய்வதுதான் குற்றம். நம்மோடு ஆடும் வாரத்தில் எதிரணிக் கோச்சுகள் பெரிய ரப்பர் பந்துகளை உருட்டிவிட்டு, கையால் தள்ளிக் காலைக் காப்பாற்றிக்கொள்ளப் பழக்குவதும் அதனால்தான். நம் தடுப்பாளர்கள் பலர் எதிரணியைவிட உடலில் சிறியவர்கள், அவர்களுக்கு இது தேவைப்படுகிறது. ஆனால் உங்கள் உறுத்தல் எனக்கும் உண்டு டாக்டர். ஒரு பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழும்போது எந்தச் சட்டையாக இருந்தாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன். விதி ஒரு நாள் இறுகினால் எதிர்க்க மாட்டேன்.

சாண்டி ஸ்பிரிங்ஸிலிருந்து: கணக்கைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஏசிசி இறுதி ஆட்டத்துக்கு நாம் சார்லட் போக என்ன நடக்க வேண்டும்?

நாம் 6-2, நமக்கு லீக் ஆட்டம் இனி இல்லை. டியூக் இப்போது 4-2. வியாழக்கிழமை டர்ஹமில் நார்த் கரோலைனாவோடு ஒன்று, பிறகு வேக் ஃபாரஸ்டோடு ஒன்று. இரண்டையும் ஜெயித்தால் அவர்களும் 6-2. நேருக்கு நேர் நம்மை ஜெயித்தவர்கள் என்பதால் பட்டம் அவர்களுக்கு. ஒன்றில் தோற்றாலும் 5-3, பட்டம் நமக்கு. கோஸ்டலில் வேறு யாருக்கும் நம்மை எட்ட வழியில்லை. சனிக்கிழமை கிளெம்சனை ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில்தான் வர்ஜினியா டெக்கிடம் டியூக் 17-16 என்று தோற்ற செய்தி தெரிந்தது. ஒரே ஒரு புள்ளி! காரில் நாங்கள் நாலு பேரும் கத்திய கத்தலில் பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நம்மை 11 நொடியில் கவிழ்த்த அதே நார்த் கரோலைனா நமக்காக ஜெயிக்க வேண்டும். சேப்பல் ஹில் நண்பரே, வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் நான் உங்கள் பக்கம்.

டெக்கில் மாஸ்டர்ஸ் படிக்கும் அதே மாணவர்: சார்லட் போனால் ஃப்ளோரிடா ஸ்டேட்டை ஜெயிப்போமா?

நடப்புச் சாம்பியன், இந்த வருஷம் இன்னும் தோற்கவேயில்லை. 2012இல் இதே சார்லட்டில் அவர்களிடம் 21-15 என்று தோற்றோம். அப்போது நாம் அங்கே போனது மயாமியும் நார்த் கரோலைனாவும் தடையால் விலகியிருந்ததால். இந்த முறை போனால் சீசன் முழுக்க ஆடிச் சம்பாதித்த இடம். சீசனுக்கு முன்னால் பத்திரிகையாளர்கள் கோஸ்டலில் நம்மை ஐந்தாவது இடத்தில் வைத்திருந்தார்கள். ஜெயிப்போம் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அவர்களுடைய ஆஃபென்ஸை நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார வைக்கக்கூடிய அணி ஏசிசியில் ஒன்றுதான் இருக்கிறது.

அதற்கு முன் நவம்பர் 29ஆம் தேதி ஏதென்ஸ். ஜார்ஜியாவிடம் தொடர்ந்து ஐந்து வருஷம் தோற்றிருக்கிறோம், போன வருஷம் இரண்டு கூடுதல் ஆட்டநேரம் போய் 41-34. சார்லட்டையே நினைத்துக்கொண்டு அதை விட்டுவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பட்டத்தைவிட அந்த ஆட்டம்தான் பெரிது.

கம்மிங் அம்மா மறுபடியும்: வியாழக்கிழமை நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?

அன்று டெக் ஆடவில்லை அக்கா, அதனால் ஆப்ஷன் இருக்காது. நார்த் கரோலைனா குவார்ட்டர்பேக் மார்க்கீஸ் வில்லியம்ஸைப் பாருங்கள். அந்த 48-43 ஆட்டத்தில் நம்மை ஓட ஓட விரட்டியவர் அவர்தான். மகனையும் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், மறுநாள் வகுப்பு இருந்தாலும் பரவாயில்லை.