தட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள்

கேள்வி: 2011-ல் ஜப்பானிய வீடியோ கேம் கம்பெனி நின்டென்டோ, டிவியில் மாட்டி ஆடுகிற ‘வீ யூ’ என்ற கேம் கன்சோலை அறிவித்தபோது, சாப்பாட்டுத் தட்டு சைஸில் இருந்த அதன் கன்ட்ரோலரைப் பார்த்து கேமர்களில் பாதிப்பேர் “இது தேறாது” என்றார்கள், மீதிப்பேர் கொண்டாடினார்கள். கடைசியில் தேறவில்லை. ஆக, கேமர்கள் சொல்வதைக் கம்பெனிகள் கேட்க வேண்டும் என்பதுதானே இதில் உள்ள பாடம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பாடத்தையும் நீங்களே எழுதி அனுப்பிவிட்டால் எனக்கு என்ன வேலை? இதே ‘தேறாது’ கோஷ்டி 2005 செப்டம்பரிலும் இருந்தது, அதை மறந்துவிட்டீர்கள். டோக்கியோ கேம் ஷோ மேடையில் நின்டென்டோ தலைவர் சடோரு இவாட்டா தங்கள் அடுத்த கன்சோலின் கன்ட்ரோலர் என்று டிவி ரிமோட் மாதிரி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஒற்றைக் கையில் பிடித்து வீசுகிற இதை வைத்துக்கொண்டு எவன் விளையாடுவான் என்று சிரித்தார்கள். அடுத்த வருஷம் அந்தக் கன்சோலுக்கு ‘வீ’ என்று பெயர் வைத்ததும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அது 10 கோடிக்கு மேல் விற்றது. ஒரு தடவை தப்பாகவும் ஒரு தடவை சரியாகவும் சொன்ன ஜோசியரிடம் நீங்கள் பெண்ணின் ஜாதகத்தைக் கொடுப்பீர்களா?

சரி, 2011 ஜூனுக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸில் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி. மேடையில் காட்டியதெல்லாம் கன்ட்ரோலர்தான்: நடுவில் 6.2 அங்குலத் தொடுதிரை, சுற்றிலும் பட்டன்கள். கன்சோல் பெட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை, வீடியோவில் ஓரமாக ஒரு வெள்ளைப் பெட்டி தெரிந்தது, அவ்வளவுதான். உடனே ஒரு பக்கம் ‘ஐபேடைப் பார்த்துச் செய்த பொம்மை’ என்று கிண்டல், இன்னொரு பக்கம் ‘டிவியை வேறு யாராவது பிடித்துக்கொண்டாலும் கையிலேயே ஆட்டத்தைத் தொடரலாமே’ என்று குஷி. இந்த இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்ததில், நடுவில் நின்று “இது புதுக் கன்சோலா, பழைய வீ-க்கு வாங்கி மாட்டுகிற உதிரியா?” என்று கேட்டவனின் குரல் அமுங்கிப்போனது. என்னைக் கேட்டால், அந்த வாரத்தில் உருப்படியாக எழுந்த ஒரே கேள்வி அதுதான். வீ-யை வாங்கியதில் பெரும்பகுதி குடும்பங்கள், பந்தை உருட்டி பவுலிங் ஆடிய தாத்தா பாட்டிகள். அவர்கள் இ3 எல்லாம் பார்ப்பவர்கள் இல்லை. கடையில் ‘வீ யூ’ என்ற பெயரையும் ஒரு பெரிய கன்ட்ரோலர் படத்தையும் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நம் வீட்டில்தான் வீ இருக்கிறதே என்று நகர்ந்துவிடுவார்கள். பழைய வீ-யில் ஒரு பலகையைச் சேர்த்திருக்கிறார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள் என்று 2013-ல் இவாட்டாவே ஒப்புக்கொண்டார்.

அப்புறம், கம்பெனி கேட்கவே இல்லை என்பதும் சரியில்லை. முதலில் காட்டிய மாதிரியில் கட்டைவிரலால் தள்ளுகிற வட்டத் தட்டைகள்தான் இருந்தன. 2012-ல் அவற்றை எடுத்துவிட்டு, அழுத்தவும் முடிகிற வழக்கமான குட்டிக் குச்சிகளை, அதாவது அனலாக் ஸ்டிக்கை, வைத்தார்கள். கேமர்களுக்கு வேண்டியது அதுதான். கிடைத்தது. விற்பனை ஒன்றும் ஏறிவிடவில்லை.

இவ்வளவுக்கும் அந்தத் தட்டு மட்டமான யோசனை இல்லை. ‘ஸோம்பியு’ ஆட்டத்தில் உங்கள் முதுகுப்பை கன்ட்ரோலரின் திரையில் இருக்கும். பையைத் திறந்தால் ஆட்டம் நிற்காது. குனிந்து மருந்தைத் துழாவிக்கொண்டே, டிவியில் பின்னால் எதுவும் வருகிறதா என்று நொடிக்கொரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டும், கழுத்தே வலிக்கும். ‘நின்டென்டோ லேண்ட்’-இல் ஒருவர் நின்டென்டோவின் ஆஸ்தான கதாநாயகன் மாரியோவாக ஓடுவார், மற்றவர்கள் துரத்துவார்கள். முழு வரைபடமும் ஓடுபவர் கையில் மட்டும். அவர் முகம் திணறுவதை கன்ட்ரோலரின் கேமரா டிவியில் காட்டிக்கொடுத்துவிடும். வேறு எந்தக் கன்ட்ரோலரை வைத்தும் அப்படி ஒரு ஓடிப்பிடிச்சு விளையாட்டு ஆடியிருக்க முடியாது.

ஆனால் இப்படி எத்தனை? விரல் விட்டு எண்ணலாம். வீ யூ-வில் அதிகம் விற்ற ‘மாரியோ கார்ட் 8’ என்ற கார் ரேஸ் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நின்டென்டோ தன் கையால் செய்த ஆட்டம், அதற்கு மூன்று வருஷம் முன்பு உலகத்துக்கே காட்டிப் பெருமைப்பட்ட இரண்டாவது திரையில் அது என்ன வைத்தது? ஒரு வரைபடம், பெரிதாக ஒரு ஹாரன். தொட்டால் ‘பாம்’ என்கும். நின்டென்டோவின் சாகச ஆட்ட வரிசையான ‘ஸெல்டா’வின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. டிவிக்கும் கைக்கும் மாறி மாறிப் பார்ப்பது ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று, அந்த வரிசையின் ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’டில் அந்தத் திரைக்காகச் செய்து வைத்திருந்ததையெல்லாம் கழற்றிவிட்டது. சொந்த வீட்டுக்காரனே திண்ணையில் உட்காரவில்லை, விருந்தாளி எப்படி உட்காருவான்?

விற்றது மொத்தம் 1 கோடியே 35 லட்சம். 2017 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் விட்டுவிட்ட பாதிக் கதை அதற்கப்புறம்தான். அதே வருஷம் மார்ச்சில் வந்த நின்டென்டோவின் அடுத்த கன்சோல் ஸ்விட்ச் என்ன? நடுவில் தொடுதிரை, இரண்டு பக்கமும் பட்டன்கள், டிவியில் போட்ட ஆட்டத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். அதே தட்டுதான் சார்! கன்சோலையே அந்தத் தட்டுக்குள் அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு திரை போதும் என்று முடிவுசெய்து, யாரும் குழம்பாத ஒரு பெயரையும் வைத்தார்கள். 15 கோடியைத் தாண்டிவிட்டது. பொம்மை என்று எதைச் சொன்னார்களோ அதைத்தான் இத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள். வீ யூ தோற்கும் என்றவர்கள் முடிவைச் சரியாகச் சொன்னார்கள், காரணத்தைத் தப்பாகச் சொன்னார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு அந்தத் தட்டைக் குப்பையில் போட்டிருந்தால் ஸ்விட்ச் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மாரியோ கார்ட் 8 வீ யூ-வில் 84 லட்சம் போனது. கொஞ்சம் கூடுதல் சரக்கோடு அதே ஆட்டம் ஸ்விட்சில் 6 கோடிக்கு மேல். அந்தத் தொடுதிரை ஹாரனை மட்டும் யாரும் தேடியதாகத் தெரியவில்லை.