அப்பா சர்க்கரை மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுகிறார். எப்படிச் சாப்பிட வைப்பது?

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதே கேள்வியைப் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள், அதுவும் அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. அவர் வாய் திறக்காமல் தெருவை வேடிக்கை பார்ப்பார். ஏன் விடுகிறீர்கள் என்று அவரிடம் யாராவது கேட்டார்களா என்றால், அநேகமாக இல்லை. மறதி என்று நாம் தள்ளிவிடும் பல இடங்களில் வேறு காரணம் இருக்கிறது.

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் அம்மா ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். காலைச் சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை என்று சீட்டில் இருந்தது. ஏலத்துக்கு இருட்டிலேயே கிளம்புபவர், மாத்திரையை ஒரு டீயோடு விழுங்கிவிட்டுப் போவார். கூடை காலியாகிச் சாப்பிட உட்காரும்போது பத்து மணி தாண்டிவிடும். இடையில் கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டல். இந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றுக்குள் எதுவும் போகாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துதான் போகும். “எனக்கு ஒத்துக்கவில்லை” என்று நிறுத்திவிட்டார். இதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழு மணிக்கு எழுந்து எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுகிறவருக்கான சீட்டு அது. தன் வேலை நேரத்தை அவர் மருத்துவரிடம் விவரமாகச் சொன்ன பிறகு, முதல் முழுச் சாப்பாட்டை ஒட்டி எடுக்கும்படி மருத்துவரே மாற்றிக் கொடுத்தார். உங்கள் அப்பா ராத்திரி ஷிப்ட் பார்ப்பவரா, நோன்பு வைப்பவரா? அதையும் சொல்லியாக வேண்டும்.

மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையின் கதை வேறு. தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் பழகிவிடும். மெதுவாகக் கரையும் வகையில், மலத்தில் மாத்திரை முழுசாக வந்தது போலத் தெரியலாம். “கரையவே இல்லை, எதற்கு இந்தத் தண்டச் செலவு” என்று விட்டவர்கள் உண்டு. வெளியே வருவது வெறும் கூடு. மருந்து உள்ளே இறங்கியிருக்கும். அந்த வகையை உடைத்தோ பொடித்தோ கொடுக்காதீர்கள்.

பணமும் ஒரு காரணம்தான், வெளியே சொல்லமாட்டார்கள். ஐந்து மாத்திரை மட்டும் வெட்டித் தரச் சொல்வார்கள். என் வியாபாரத்துக்கு நட்டமானாலும் சொல்கிறேன்: ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கரை மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். ஒன்றில் மட்டும் கவனம்: அங்கே தரும் மாத்திரையின் நிறமும் அட்டையும் வேறாக இருக்கலாம். வேறு மருந்து என்று நினைத்து, கடையில் வாங்கிய அதே மருந்தையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாது.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் மாத்திரையும் பத்தியமுமாக இருப்பவர்கள் தனி ரகம். வெறும் வயிற்று அளவில் தப்பிக்கலாம்; ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அடுத்த முறை அந்தச் சோதனைக்கே வரமாட்டார்.

அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அப்பா எழுவது, சாப்பிடுவது, வேலைக்குப் போவது எப்போது என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அதுவரை, விட்டுப்போன வேளைக்கு ஈடுகட்ட ஒரேயடியாக இரண்டு மாத்திரை போட வேண்டாம்.