புதிய திரையில் செக்ரோல் எழுத்து ஏன் எறும்பாகிறது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்க்கிறேன். ஆபீசுக்குப் புதிய மடிக்கணினி வந்திருக்கிறது, 15.6 அங்குலத் திரை, 3840 × 2160 புள்ளிகள். செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) மென்பொருளைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பளவு. ஸ்டோர் கணக்கு மென்பொருளில் அளவு சரி, ஆனால் எழுத்து மங்கல். பழைய மானிட்டரை இணைத்தால் இன்னும் குழப்பம். ரெசலூஷனை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைக்கச் சொல்கிறார் கடைக்காரர். குறைக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. குறைத்தால் அவசரத்துக்கு வேலை ஓடும். ஆனால் எல்லா மென்பொருளிலும் எழுத்தின் விளிம்பு கரைந்துபோகும். செக்ரோலில் 3 எது, 8 எது என்று தடுமாறினால், அடிபடுவது காலையிலிருந்து குலை வெட்டியவரின் சம்பளம்.

உங்கள் கண்ணிலும் கோளாறில்லை, திரையிலும் கோளாறில்லை. அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்பதையே விண்டோஸ் 100% என்று கொள்கிறது. உங்கள் திரையிலோ அங்குலத்துக்கு ஏறத்தாழ 282 புள்ளிகள். 32 புள்ளி அகலமுள்ள ஒரு பொத்தான், 21.5 அங்குல 1920 × 1080 மானிட்டரில் 8 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் திரையில் 3 மில்லிமீட்டர்கூட வராது. பாதி அரிசியை மவுசால் குறிபார்ப்பதுபோலத்தான்.

இதைச் சரிக்கட்டவே விண்டோஸ் எல்லாவற்றையும் 200%, 250% என்று பெருக்கிக் காட்டுகிறது. உங்கள் செக்ரோல் மென்பொருள், ‘அளவை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டுப் பழைய அளவிலேயே வரைகிறது, அதனால் எறும்பு. ஸ்டோர் மென்பொருள் எதையும் சொல்வதில்லை, விண்டோஸ் அதன் சன்னலை ஒரு படம்போல் இழுத்துப் பெரிதாக்குகிறது, அதனால் மங்கல். நோய் இரண்டு, மருந்து இருக்கும் இடம் ஒன்று.

மென்பொருளை மூடிவிட்டு, அதன் ஐகானில் வலது கிளிக் செய்து ‘ப்ராபர்டீஸ்’ போங்கள். ‘கம்பாட்டிபிலிட்டி’ பக்கத்தில் ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்ற பொத்தான் இருக்கும் (டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). அதை அழுத்தினால் வரும் பெட்டியின் அடியில் ‘ஓவர்ரைடு’ என்று தொடங்கும் வரி. அதற்குக் குறியிட்டால் மூன்று தேர்வுகள் கிடைக்கும். விண்டோஸ் 10-இல் 2017 முதல் இந்த மூன்றும் உண்டு. இரண்டு மென்பொருளுக்கும் முதலில் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’ வைத்துப் பாருங்கள். பழைய முறையில் எழுதிய மென்பொருளில் எழுத்தைப் படமாக இழுக்காமல் பெரிய அளவில் புதிதாக வரையச் செய்வது இதுதான். கண்ணுக்குப் பெரிய நிம்மதி. கட்டங்கள் கலைந்தாலோ எழுத்து விட்டுப்போனாலோ வெறும் ‘சிஸ்டம்’ போதும். சற்று மங்கினாலும் அளவு சரியாக வரும். ‘அப்ளிகேஷன்’ உங்களுக்கு வேண்டாம், ஸ்டோர் கணக்கும் எறும்பாகிவிடும். கணக்குத் தரவை இந்த மாற்றம் தொடாது, பயப்படாதீர்கள்.

மாற்றியும் பலனில்லையென்றால், நீங்கள் மாற்றியது ஏவிவிடும் சிறு கோப்பாக இருக்கலாம்; உள்ளே ஓடுவது வேறொன்று. மென்பொருள் திறந்திருக்கும்போதே டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர்மேல் வலது கிளிக் செய்து, கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து, அங்குள்ள உண்மையான கோப்புக்கு இதே மாற்றத்தைச் செய்யுங்கள். ஜாவாவில் எழுதிய பழைய மென்பொருள் என்றால் அந்தக் கோப்பு பெரும்பாலும் ‘ஜாவாடபிள்யூ’ என்ற பெயரில் இருக்கும். டாஸ்க் மேனேஜரின் ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘டிபிஐ அவேர்னஸ்’ என்ற நெடுவரிசையையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘அன்அவேர்’ என்று காட்டினால் மங்கலுக்குக் காரணம் கையோடு கிடைத்துவிட்டது. நான் எப்போதும் முதலில் பார்ப்பது இந்த நெடுவரிசையைத்தான்.

பழைய மானிட்டர் விஷயம் எளிது. நீங்கள் விண்டோஸுக்குள் நுழையும் நேரத்தில் முதன்மைத் திரை எதுவோ, பல மென்பொருள்கள் அதன் அளவையே பிடித்துக்கொள்கின்றன. நடுவில் இன்னொரு திரையைச் செருகினால் குழம்புகின்றன. காலையில் மானிட்டரை இணைத்து, செக்ரோல் திறக்கும் திரையை முதன்மையாக்கி, ஒருமுறை சைன் அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள். ‘கஸ்டம் ஸ்கேலிங்’ பக்கம் மட்டும் போக வேண்டாம். அது இரண்டு திரைக்கும் ஒரே அளவைத் திணித்துவிடும்.

மென்பொருளில் திறக்கும் பெட்டியின் அடியிலுள்ள ‘சேவ்’ பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டால், ஸ்கேலை, அதாவது விண்டோஸ் பெருக்கிக் காட்டும் அந்தச் சதவீதத்தை, ஒரு படி இறக்குங்கள். ‘அக்சசிபிலிட்டி’யில் எழுத்தளவை யாராவது கூட்டி வைத்திருந்தால் அதையும் 100%-க்குக் கொண்டுவாருங்கள். சன்னல் அப்படியே இருக்க, எழுத்து மட்டும் வீங்குவதால்தான் பல நேரம் பொத்தான்கள் அறுபடுகின்றன.

சட்டப்படி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பதால் மாதக் கடைசி வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள். முடித்ததும் போன மாதச் செக்ரோலில் 3, 6, 8 மூன்றும் வரும் ஒரு வரியைத் திறந்து, நாற்காலியில் சாய்ந்தபடியே வாசித்துப் பாருங்கள். முன்னால் குனிய வேண்டியிருந்தால் ஸ்கேலை இன்னும் 25% கூட்டுங்கள்.