ரோட்டுக்குப் போன நிலம்: நேரே உச்ச நீதிமன்றம் போகலாமா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் பட்டா நிலத்தில் 14 சென்ட், 1996இல் சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. நோட்டீஸும் வரவில்லை, இழப்பீடும் வரவில்லை. "சொத்துரிமை அடிப்படை உரிமை, நேரே டெல்லியிலேயே கேஸ் போடலாம்" என்று சொல்லி ஒருவர் 2 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா அம்மா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது 1979 ஜூனுக்கு முன்பு சரி. அரசியல் சாசனத்தின் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்துவிட்டது. 32ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போக, அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் போக வேண்டியது, 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு.

அதற்காக உரிமையே போய்விட்டது என்று பயப்படாதீர்கள். சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று 300ஏ பிரிவு சொல்கிறது. ஒரே வரிதான், இழப்பீடு என்ற சொல்கூட அதில் கிடையாது. ஆனால் இழப்பீடு அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று 2011இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. 2024 மே மாதம், கொல்கத்தா மாநகராட்சி வழக்கில், உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் தருவது, ஆட்சேபத்தைக் கேட்பது, காரணம் சொல்லி முடிவெடுப்பது என ஏழு கடமைகளை அதே வரியிலிருந்து எடுத்துக் காட்டியது.

"இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்றுதான் அரசு வக்கீல் முதலில் கேட்பார். பொதுவாகத் தாமதம், 226இன் கீழ் போடும் ரிட் மனுவைக் கொன்றுவிடும். இங்கே ஒரு விலக்கு இருக்கிறது, நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68இல் ஒரு பெண்ணின் நிலத்தைச் சாலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர் 2010இல்தான் உயர் நீதிமன்றம் போனார். தோற்றார். நீண்ட கால அனுபவத்தால் நிலம் தனக்கே சொந்தம் என்றுகூட அரசு வாதாடியது! 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முறைப்படி கையகப்படுத்தாமல் வைத்திருக்கும்வரை அநியாயம் தொடர்கிறது, தாமதத்தைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்று இழப்பீடு தரச் சொன்னது. அப்போது அவருக்கு வயது 80. தன் குடிமகளின் நிலத்துக்குக் காசு கொடுக்க ஓர் அரசுக்கு அரை நூற்றாண்டும் டெல்லி உத்தரவும் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று சம்மதக் கடிதமோ தானப் பத்திரமோ கொடுத்திருந்தால் கதை வேறு. கொடுக்கவில்லை என்றால், இப்போது யார் நீட்டினாலும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்று வக்காலத்தில் (வக்கீலுக்கு அதிகாரம் தரும் படிவம்) கையெழுத்து கேட்பவரையும், "கிடைப்பதில் 30 சதவீதம்" என்பவரையும் வாசலோடு அனுப்புங்கள். வக்கீல் இப்படிப் பங்கு பேசுவதற்கே பார் கவுன்சில் விதி இடம் தரவில்லை, புரோக்கருக்கு ஏது?

சரி, முதல் வேலை: நில எடுப்பு ஆவணங்களின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. "ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், உங்கள் வழக்குக்கு அதுவே பலம். அப்புறம் கிரையப் பத்திரம், பழைய பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மதுரைக் கிளையில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். பட்டா உங்கள் அம்மா பெயரில் இருந்தால் அவரையே மனுதாரராகப் போடுங்கள்.