கடலில் கலக்கும் நீர் வீணா?

கேள்வி: வளரும் நகரத்தின் குடிநீருக்காக ஆற்றுநீரில் ஒரு பங்கை மேல்பகுதியிலேயே திருப்பிக்கொண்டால், கீழ்ப்பகுதி மக்கள் ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள்? எப்படியும் கடலுக்குப் போகிற நீர்தானே?

பதில்: கடலுக்குப் போகும் நீர் வீண் என்ற எண்ணமே தவறு. முகத்துவாரத்தில் உப்புநீரைத் தடுத்து நிறுத்துவது அந்த ஓட்டம்தான். அது தளர்ந்தால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி, கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போய், வயலின் மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கத் தொடங்கும். ஆண்டுச் சராசரியைக் காட்டி இந்த அச்சத்தைத் தணிக்க முடியாது. ஏனெனில், வெள்ளக் காலத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு நீரைக் கோடையில் எடுத்தால் ஆறே நின்றுவிடக்கூடும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1913-இல் ஓவன்ஸ் ஆற்றின் நீரைக் கால்வாய் வழியே கொண்டுசென்றது. 1920களிலேயே அந்த ஆறு போய்ச் சேர்ந்த ஓவன்ஸ் ஏரி வற்றி, அதன் படுகையிலிருந்து எழுந்த உப்புத் தூசி பல பத்தாண்டுகள் அப்பகுதி மக்களை வாட்டியது. நகரத்தின் தாகமும் உண்மையானதே, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீடுகளுக்குச் சென்ற நீரில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியேறுகிறது. அதைச் சுத்திகரித்து அதே ஆற்றில் விடும் கடமையும், கோடைக்கான குறைந்தபட்ச ஓட்டமும், கீழ்ப்பகுதி மக்களைக் கேட்டறிந்து, திட்டம் தொடங்குமுன்பே எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும்.