நீண்ட பயணத்துக்கான டூரிங் பைக்கை உரித்து, முன்கண்ணாடியும் மூடியும் இல்லாத நேக்கட் பைக் ஆக்கினால் எடை குறையுமா?

குறையும், ஆனால் நீங்கள் கண் வைத்திருக்கும் இடத்தில் இல்லை. 'முன்கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் எடுத்துவிட்டு ஹெட்லைட்டை முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் மாட்டலாம் என்றிருக்கிறேன்' என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, நானும் இதையே செய்து பட்டவன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது ராயல் என்ஃபீல்டின் 2020 ஹிமாலயன் 411. பெட்ரோலோடு 199 கிலோ, அது கம்பெனி சொல்கிற கணக்கு. லடாக் போகிற நினைப்பில் அதன்மேல் இரண்டு அலுமினியப் பெட்டி, பெரிய கிராஷ் கார்டு, பெட்டியைத் தாங்கும் கம்பி என்று மாட்டிக்கொண்டே போனேன். கடைசியில் போனது ஏலகிரி வரைக்கும்தான். மற்ற நாளெல்லாம் வடசென்னை தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து எண்ணூர் பக்கம் வேலைக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது பக்கத்தில் ஸ்கூட்டியில் வருகிற அக்கா நுழைந்து போய்விடுவார், நான் பெட்டியோடு லாரிக்குப் பின்னால் புகை தின்றுகொண்டு நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி, மூட்டையாகக் கட்டி, தெருமுனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தேன். கடைக்காரர் "இன்னாபா, இவ்ளோ இரும்ப மாட்டிகினா சுத்திகினு இருந்த?" என்றார். மொத்தம் 26 கிலோ. அதில் பெட்டியும் அதன் கம்பியும் மட்டும் 16. கிராஷ் கார்டு 6. டேங்க் பக்கத்துக் கம்பிச் சட்டம், சில்லறைச் சாமான் எல்லாம் சேர்ந்து இரண்டரை. நான் பெரிதாக நினைத்த முன்கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ஒன்றரைக் கிலோ, அவ்வளவுதான். சென்டர் ஸ்டாண்டைக் கழற்றவில்லை, செயினுக்கு எண்ணெய் போட அது வேண்டும்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆசை விடவில்லை. இந்த வண்டியில் ஹெட்லைட்டும் மீட்டரும் ஃப்ரேமோடு நிற்கும், ஹேண்டிலோடு திரும்பாது. எனக்கு அது ஃபோர்க்கில் உட்கார்ந்து கூடவே திரும்ப வேண்டும். புதுப்பேட்டையில் பிராக்கெட் வாங்கி ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஒயரை வெட்டி, நீட்டி, கறுப்பு டேப் சுற்றி, இன்ஜினை ஆன் செய்யும் சாவி ஒயரையும் சேர்த்து ஒரே கட்டாக பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து, கல்மண்டபத்தில் ஹேண்டிலை முழுசாக இடது பக்கம் ஒடித்துத் திரும்பினால் இன்ஜின் அணைந்துவிடும். நேராக்கினால் உயிர் வரும். பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்க, நான் இருநூறு கிலோவை நெருங்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரம் போனேன்.

இரண்டு பேரிடம் காட்டினேன், ஃபியூஸ் என்றார் ஒருவர், பேட்டரி என்றார் இன்னொருவர். கடைசியில் எலக்ட்ரிஷியன் நண்பன் ஒருத்தன் ஒயரை விரலால் நெருடிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினான். மேல் தோல் அப்படியே இருந்தது, அந்த இடம் மட்டும் கொழகொழவென்று மடிந்தது. பிளேடால் கீறினால் உள்ளே செம்புக் கம்பி அறுந்து கறுத்துப் போயிருந்தது. ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் அந்தச் சாவி ஒயர் இழுபட்டு இழுபட்டு அறுந்திருக்கிறது. அவன் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, நான்கு விரல் அளவுக்கு ஒயரைத் தளரவிட்டுக் கட்டினான். அதற்கப்புறம் ஒரு தடவையும் நின்றதில்லை. எனவே செய்துதான் தீருவேன் என்றால், இரண்டு பக்கமும் ஹேண்டிலை முழுக்கத் திருப்பி வைத்து ஒயரின் நீளத்தைப் பாருங்கள். பின் ஷாக்கின் ப்ரீலோடையும், அதாவது ஸ்பிரிங்கின் முன்இறுக்கத்தையும் குறையுங்கள், பாரம் இறங்கியதும் பள்ளத்தில் பின்பக்கம் தூக்கி அடிக்கும்.

'ஸ்க்ராம் வாங்கியிருக்கலாமே' என்று யாராவது கீழே கருத்தில் வருவார்கள். ஹிமாலயனையே ஹெட்லைட் ஹேண்டிலோடு திரும்பும்படி மாற்றிக் கம்பெனியே விட்ட வண்டி. அதே இன்ஜினோடு அது வந்தது 2022-இல். என் வண்டிக்கு அப்போது பாதித் தவணை கூட முடியவில்லை. 'சட்டப்படி தப்பு' என்பவர்களுக்கு: தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது, 182A பிரிவில் அதற்குத் தண்டனையும் இருக்கிறது. நாமே மாட்டிய பெட்டியைக் கழற்றுவது வேறு, ஃப்ரேமை அறுப்பது வேறு. ஃப்ரேம், சைலன்சர் பக்கம் நான் போகவே இல்லை. சேலை கார்டு, பின் மட்கார்டு, பக்கக் கண்ணாடி மூன்றும் அப்படியே இருக்கின்றன, அதையும் எடுத்தால்தான் ஸ்டைல் என்று காணொளி போடுபவர்கள் பின்சீட்டில் அம்மாவை ஏற்றிப் போனதே இல்லை போல.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெட்டிகளை விற்க ஆன்லைனில் போட்டேன். விலை பேசி முடிந்ததும் இடம் கேட்பார்கள். தண்டையார்பேட்டை என்றதும் "அங்கயா சார்? நுங்கம்பாக்கம் வந்து கொடுக்க முடியுமா?" நான்கு பேர் இப்படி. வடசென்னைக்காரன் என்றால் படத்தில் பார்த்த அரிவாளை நான் இடுப்பில் சொருகிக்கொண்டு காத்திருப்பேன் என்று நினைப்பு. பேசியதிலும் ஆயிரம் குறைக்கச் சொன்னார் ஒருத்தர், 'ஏரியா ரிஸ்க்'காம். போன் செய்து திட்டிவிட்டேன்.

ஒரு பெட்டி திருவொற்றியூர்ப் பையன் ஒருவனுக்குப் போனது. இன்னொன்று மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. காசிமேட்டில் வாங்கிய கருவாட்டை அம்மா அதில்தான் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார், பூனை திறக்க முடியாது என்று.